சின்னதே போதும்

மூன்றாம் வருடம் தொடங்கிய வாரத்தில் துறைத் தலைவர் வகுப்புக்கு வந்தார். கடைசி செமஸ்டரில் ஒவ்வொருவரும் தனித்தனியாக ப்ராஜெக்ட் செய்ய வேண்டும், ஆய்வகத்தில் இருக்கிற கணினிகள் போதாது, முடிந்தவர்கள் லேப்டாப் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். ‘முடிந்தவர்கள்’ என்று சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தணிந்தது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் எஸ்டேட் பிள்ளைகள் என்பது அவருக்குத் தெரியும்.

ஆய்வகத்தில் ஒழுங்காக ஓடிய கணினிகள் ஒன்பது. அவற்றிலும் ஒன்றை மழைக்காலத்தில் நம்ப முடியாது. அதுவரை நான் தொட்ட கணினிகள் எல்லாம் அந்த ஒன்பதுதான். பெயர் என்னவோ கணினி அறிவியல் மாணவி.

எங்கள் வீடு குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. அப்பா எஸ்டேட் ஃபாக்டரியில் ரோலர் ஓட்டுபவர். வாடிய இலையை உருட்டி நசுக்குகிற இயந்திரம் அது. அம்மா கொழுந்து எடுப்பவர். இரண்டு பேருமே சிறுவயதில் இலங்கையிலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர்கள். எனக்கு மூத்தவள் ஒரு அக்கா. பிளஸ் டூ முடித்ததும் திருப்பூருக்குப் போய், ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் சேர்ந்து, கம்பெனி ஹாஸ்டலிலேயே தங்கியிருந்தாள். என்னைவிட இரண்டே வயது பெரியவள். மார்க்கும் என்னைவிட அதிகம். இருவரில் ஒருவர்தான் கல்லூரிக்குப் போக முடியும் என்ற நிலை வந்தபோது, யாரும் கேட்காமலே அவள் துணிகளை மடித்துப் பையில் வைத்துவிட்டாள்.

அந்த வருடங்களில் மலையில் தேயிலைக்கு விலை இல்லை. எங்கள் எஸ்டேட்டை ஒட்டி இருந்த படுகர் தோட்டங்களில், கொழுந்து எடுக்கக் கூலி கொடுத்தால் கட்டாது என்று செடிகளை அப்படியே விட்டுவிட்டார்கள். இடுப்பளவில் நிற்க வேண்டிய செடி ஆள் உயரம் வளர்ந்து வெள்ளையாகப் பூத்துக்கிடந்தது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். அம்மா மட்டும் அந்தப் பக்கம் திரும்பாமல் நடப்பார். எங்கள் எஸ்டேட்டிலும் வேலை வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைந்தது. ஃபாக்டரி ஓடாத நாட்களில் லைன் முழுக்க ஒரு அமைதி இருக்கும். காதில் ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும்.

அந்த நேரத்தில்தான் நான் லேப்டாப் பேச்சை எடுத்தேன்.

“அது என்னா சாமான்?” என்றார் அப்பா.

“கம்ப்யூட்டர்தான்பா. மடக்கிப் பைக்குள்ள வச்சுக்கலாம்.”

“கட்டாயம் வேணுமா?”

“கட்டாயம்னு சொல்லலப்பா. முடிஞ்சவங்கன்னுதான் சொன்னாங்க.”

அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கப்போகிறது என்ற பேச்சு அப்போது ஊரெல்லாம் இருந்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே என்றார் அம்மா. எப்போது வரும், எங்கள் வருடத்துக்கு வருமா, எங்களுக்கு அடுத்தவர்களுக்கா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா போனில் கூப்பிட்டபோது அம்மா விஷயத்தைச் சொல்லிவிட்டார். அக்கா என்னைக் கூப்பிடச் சொன்னாள்.

“நான் வாங்கித் தாரேன். எது நல்லதுன்னு நீ பார்த்து வை. தீபாவளி போனஸ் வந்ததும் போவோம்.”

“உனக்கு எதுக்குக்கா...”

“நீ பார்த்து வை, போதும்.”

பார்த்து வைப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. கல்லூரி நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டி விளம்பரங்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரு சிரிக்கும் குடும்பமும், பொடி எழுத்தில் நாலைந்து வரிகளும் இருக்கும். அந்த வரிகளை என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். ப்ராசஸர், ராம், ஹார்ட் டிஸ்க். ஒவ்வொன்றுக்கும் பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு விடை எழுதத் தெரியும். ஆனால் ஒரு லேப்டாப்பில் இது எவ்வளவு இருந்தால் போதும், எவ்வளவு இருந்தால் போதாது என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

கேட்டவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். வகுப்பில் ஏற்கெனவே லேப்டாப் வைத்திருந்த ஒருவன், மலிவானதை வாங்குவதற்கு வாங்காமலே இருக்கலாம் என்றான். ராம் இரண்டு ஜி.பி.யாவது இருக்க வேண்டும் என்றார் லேப் சார். எஸ்டேட் ஆபீஸ் கிளார்க், பழையதே வாங்கு, அவருடைய மச்சானுக்குத் தெரிந்த இடம் ஒன்று ஊட்டியில் இருக்கிறது என்றார். ஒருநாள் அந்த இடத்துக்குப் போனேன். கடைக்காரர் எடுத்துக் காட்டியதில் மூடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. பேட்டரி நிற்காது, கரண்டில் போட்டே வைத்திருந்தால் அருமையாக ஓடும் என்றார். எங்கள் லைனில் மழை தூறினாலே கரண்ட் போய்விடும். அதைச் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன்.

வீட்டில் இது எதுவும் தெரியாது. நான் நோட்டை விரித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அப்பா அம்மாவிடம், “அது எல்லாத்தையும் பார்த்து வச்சிருக்கு. நம்மள மாதிரியா?” என்றது எனக்குக் கேட்டது.

தீபாவளி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் போனோம். அப்பாவும் நானும் மலையிலிருந்து இறங்க, அக்கா திருப்பூரிலிருந்து வந்து காந்திபுரம் பேருந்து நிலையத்தில் எங்களுக்காக நின்றாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். “அங்க சோறு எப்படி இருக்கு?” என்று அப்பா கேட்டார். “நல்லாத்தான் இருக்கு,” என்றாள்.

கடை முழுக்கக் கண்ணாடி. உள்ளே ஊட்டிக் குளிர். அப்பா வாசல் மிதியடியில் செருப்பைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். கழுத்தில் அட்டை மாட்டிய விற்பனையாளர் ஒருவர் வந்தார்.

“வாங்க. என்ன மாதிரி பார்க்கறீங்க?”

அப்பா என்னைக் கை காட்டினார். “பாப்பா கம்ப்யூட்டர்தாங்க படிக்குது. அதுக்கே எல்லாம் தெரியும்.”

“அப்ப மேடத்துக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லைங்க,” என்று அவர் என் பக்கம் திரும்பினார். “கான்ஃபிகரேஷன் என்ன பார்க்கறீங்க மேடம்?”

என்னை மேடம் என்று ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து வாசித்தேன். அவர் தலையாட்டிக்கொண்டே உள்ளே ஒரு வரிசைக்கு அழைத்துப் போனார். எல்லாம் பெரிய திரை. விலை அட்டையை அக்கா ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். கடைசி அட்டையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கைப்பையை மட்டும் ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“இதுக்குக் கீழ இல்லைங்களா?” என்றேன் நான்.

“இருக்குதுங்க மேடம். இப்ப ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் இதைத்தான் வாங்கறாங்க,” என்று வாசல் பக்கம் இருந்த மேசைக்கு அழைத்து வந்தார்.

அவை சின்னவை. பத்து அங்குலத் திரை, நோட்டுப் புத்தகம் அளவு. சிவப்பு, நீலம், வெள்ளை மூடிகள். ஒன்றை எடுத்து அக்கா கையில் கொடுத்தார். அவள் ஒரே கையில் ஏந்திக்கொண்டு சிரித்தாள். “வெயிட்டே இல்லடி. பஸ்ஸில கொண்டு போக வசதி.”

அதன் விலை அக்கா கொண்டு வந்ததற்குள் அடங்கியது. ஊருக்குத் திரும்பிப் போகக்கூட மிச்சம் இருந்தது.

எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. அது என்ன சந்தேகம் என்று தெளிவாகச் சொல்ல வரவில்லை. “ப்ராஜெக்ட் சாஃப்ட்வேர் எல்லாம் இதுல ஓடுங்களா?” என்று கேட்டேன்.

“எல்லாமே ஓடும் மேடம். டைப் பண்ணலாம், நெட் பார்க்கலாம், படம் பார்க்கலாம். பேட்டரி ஆறு மணி நேரம் நிக்கும்ங்க.”

நான் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை என்பது அப்போதே எனக்குத் தெரிந்தது. இன்னொரு முறை கேட்டிருக்கலாம்.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போய், “உனக்கு அந்தப் பெருசுதானே வேணும்? உண்மையச் சொல்லு,” என்றாள். “ரெண்டு மாசம் பொறு. ஓவர்டைம் இருக்கு, நான் கேட்டு வாங்கிக்கிறேன். பொங்கலுக்கு அதையே எடுத்துரலாம்.”

பேசிக்கொண்டே அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அவள் கட்டைவிரலின் ஓரம் சொரசொரப்பாக என் தோலில் பட்டது. நாள் முழுக்க நின்றுகொண்டு, தைத்த பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை ட்ரிம்மரால் வெட்டுவது அவள் வேலை. அந்த இடம் காய்த்துப் போயிருந்தது. அந்த ஒரு நொடியில் நான் முடிவு செய்துவிட்டேன்.

“வேணாம்க்கா. சின்னதே போதும். இதுவே எனக்கு ஜாஸ்தி.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“எனக்குத் தெரியாதா? நான்தானே கம்ப்யூட்டர் படிக்கிறேன்?”

அதைக் கேட்டதும் அவள் கை தளர்ந்தது. அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தாள். சிவப்பு மூடி போட்டதை எடுத்தோம். திரும்பி வரும்போது மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை, அத்தனை வளைவிலும் அப்பா அந்தப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வந்தார். நான் கேட்டும் கொடுக்கவில்லை.

அடுத்த இரண்டு நாளும் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அம்மா மூடியின் ஓரத்தில் குங்குமம் வைக்கப் போக, உள்ளே விழுந்துவிடும் என்று நான் அலறினேன். அப்பாவோடு ஃபாக்டரியில் வேலை செய்யும் ஒருவர் திரையை எட்ட நின்று பார்த்துவிட்டு, “தொரை பங்களாவுலகூட இது இருக்குமோ என்னமோ,” என்றார். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவருக்குச் சந்தோஷம் வந்தால் அப்படித்தான் செய்வார்.

புதன்கிழமை அதைக் கல்லூரிக்குக் கொண்டு போனேன். ப்ராஜெக்டுக்கான சாஃப்ட்வேர் டிவிடியில் இருந்தது. லேப் சார் டிவிடியைக் கையில் வைத்துக்கொண்டு என் லேப்டாப்பை இடப்பக்கம் திருப்பினார், வலப்பக்கம் திருப்பினார்.

“ஏம்மா, இதுல டிவிடி டிரைவே இல்லையே.”

அது எனக்குத் தெரியாது. கடையில் தொட்டுப் பார்த்தபோது, ஒரு தட்டு வெளியே வரும் என்று எங்கேயோ எதிர்பார்த்திருக்கிறேன். கேட்கத் தோன்றவில்லை. சார் வேறு கணினியில் போட்டு பென் டிரைவில் ஏற்றித் தந்தார். மதியம் ஆரம்பித்த இன்ஸ்டலேஷன் கடைசி மணி அடிக்கும்வரை ஓடியது. பிறகு திறந்தேன். ஒரு வரி அடித்தால் பத்து எண்ணும்வரை திரையில் ஒன்றும் வராது. பிறகு எல்லா எழுத்தும் மொத்தமாக வந்து விழும். ஏதாவது ஒரு பெட்டி திறந்து கேள்வி கேட்டால், ‘ஓகே’ அழுத்த வேண்டிய பட்டன் திரைக்குக் கீழே போய் மறைந்துவிடும். அந்தத் திரைக்கு அவ்வளவு உயரம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத பட்டனைக் குத்துமதிப்பாக அழுத்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை அது அப்படியே நின்றுவிட்டது.

லேப் சார் பக்கத்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் கடுமையானவர் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

“இது நெட்புக்மா. லேப்டாப் இல்ல. மெயில் பார்க்க, லெட்டர் அடிக்க வச்சுக்கலாம். நம்ம வேலைக்கு ஆகாது. வாங்கறதுக்கு முன்னாடி மாடல் என்னன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“ராம் கூடப் போட்டா ஓடுமா சார்?”

“கொஞ்சம் நகரும். ப்ராசஸரை என்ன பண்ணுவ?”

அன்று குன்னூரிலிருந்து எஸ்டேட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன். வீட்டில் அப்பா கேட்ட முதல் கேள்வி, “காலேஜில எல்லாரும் பார்த்தாங்களா?” என்பது. பார்த்தார்கள் என்றேன்.

இரண்டு நாள் கழித்து, கல்லூரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பெட்டியோடும் பில்லோடும் தனியாகக் கோயம்புத்தூர் போனேன். வீட்டுக்குத் தெரியாமல் மலையிறங்கியது அதுதான் முதல் தடவை. வழி முழுக்க வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டே போனேன். இதை எடுத்துக்கொண்டு பெரியதைக் கொடுங்கள், மீதியைப் பொங்கலுக்கு அக்கா கட்டுவாள். இதில் எந்தத் தவறும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடையில் அன்றைக்கு அந்த விற்பனையாளர் இல்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் பில்லை வாங்கிப் பார்த்தார்.

“ரிப்பேருங்களா?”

“இல்லைங்க. எங்க ப்ராஜெக்ட் இதுல ஓடல. வேற மாத்திக்கலாமான்னு...”

“பில் போட்டு சீல் பிரிச்சாச்சுங்களே, அம்மிணி. கம்பெனி திரும்ப எடுக்காதுங்க. ரிப்பேர்னா சொல்லுங்க, சர்வீஸுக்கு அனுப்பலாம்.”

“எல்லாம் ஓடும்னு சொன்னாங்க.”

“யாருங்க சொன்னது?”

நான் சுற்றிலும் பார்த்தேன். கழுத்தில் அட்டை மாட்டிய நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் யாரும் அந்த விற்பனையாளர் இல்லை. பெயர்கூட எனக்குத் தெரியாது.

“படிக்கிறவங்க, உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியணும்,” என்றார் பெரியவர். அவரும் கடுமையாகச் சொல்லவில்லை. பிறகு, “வேணும்னா செகண்ட்ஸா எடுத்துக்கறேங்க,” என்று ஒரு தொகை சொன்னார். அக்கா கொடுத்ததில் பாதிகூட இல்லை. அந்தப் பாதியை வைத்து எதையும் வாங்க முடியாது. அக்காவிடம் என்ன சொல்வது? பெட்டியைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். மூடும்போது ஜிப் மாட்டிக்கொண்டது. பெரியவரே வந்து அதைச் சரிசெய்து கொடுத்தார்.

திரும்பி வரும் வழியில் பர்லியாறில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கி டீ குடித்தார்கள். நான் இறங்கவில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. இனி என்ன செய்யலாம் என்று யோசிக்க முயன்றால், யோசனை ஒரே இடத்தில் போய் நின்றுவிடும். செய்வதற்கு ஒன்றும் இல்லை.

கார்த்திகை மாதத்தில் ஃபாக்டரியை மூடினார்கள். தற்காலிகம்தான், கொழுந்து விலை ஏறியதும் ஓடும் என்றார்கள். அப்பா வீட்டிலேயே இருந்தார். எனக்கு லீவு நாள் என்றால், நான் நெட்புக்கைத் திறந்ததும் எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது உறைந்து நிற்கக்கூடாது. அதனால் ப்ராஜெக்ட் சாஃப்ட்வேர் பக்கமே போகாமல், வெறும் எழுத்து அடிக்கிற நோட்பேடைத் திறந்து வைத்துக்கொண்டு, பழைய ரெக்கார்டில் இருந்த ப்ரோக்ராம்களைப் பார்த்துப் பார்த்து அடிப்பேன். எழுத்து அடிக்க மட்டும் அது சளைக்கவில்லை. சரசரவென்று ஓடும்.

“நீ அடிக்கிறது எல்லாம் அதுக்குப் புரியுமா?” என்று ஒருநாள் கேட்டார்.

“புரியும்பா.”

“வேலை ஆகுதுல்ல?”

“ஆகுதுப்பா.”

“அப்ப சரி. ஃபாக்டரி அடுத்த வாரம் ஓடும்னு சொல்றாங்க.”

அதை அவர் ஒவ்வொரு வாரமும் சொன்னார். நானும் ஒவ்வொரு வாரமும் வேலை ஆகிறது என்றேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், நான் அடித்துக்கொண்டே இருந்தேன். அர்த்தமில்லாத அந்த வரிகளைச் சேமிக்கவும் மாட்டேன். அவர் எழுந்து போனதும் மூடிவிடுவேன்.

உண்மையான ப்ராஜெக்டைக் கையால் எழுத ஆரம்பித்தேன். நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, வரி வரியாக. எஸ்டேட்டில் எடுக்கிற கொழுந்தின் எடையைப் பதிந்து வைக்கும் ஒரு மென்பொருள்தான் என் தலைப்பு. அம்மாவிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். காலை எடை, மதிய எடை, மழை நாளில் ஈரத்துக்காக எவ்வளவு கழிப்பார்கள் என்பதெல்லாம். மதிய இடைவேளையில் ஆய்வகத்தில் இடம் கிடைத்தால் அதை அடித்துப் பார்ப்பேன். ஒன்பது கணினிக்கு முன்னால் எப்போதும் வரிசை இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

பொங்கலுக்கு அக்கா மூன்று நாள் லீவில் வந்தாள். இரண்டாம் நாள் காலை, வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். நான் அலசப் போன நேரத்தில் அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனவள், அந்த நீள நோட்டோடு வெளியே வந்தாள்.

“இது என்னாடி?”

“ப்ராஜெக்ட்.”

“ஏன் நோட்டுல எழுதற? அதுல அடிக்க வேண்டியதுதானே?”

நான் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தேன். தண்ணீர் முழுக்க வடிந்த பிறகும் பிழிந்துகொண்டே இருந்தேன். அவள் என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக் கல்லின் மேல் வைத்தாள்.

சொன்னேன். டிவிடி, ‘ஓகே’ பட்டன், நான் தனியாகக் கடைக்குப் போனது, பெரியவர் சொன்ன தொகை, எல்லாவற்றையும். முடித்ததும் நோட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“ரெண்டு மாசம் பொறுன்னு சொன்னேன்ல?”

“நீ ஓவர்டைம் பார்க்கணும்ல, அதான்...”

“அதான்?”

“உனக்காகத்தான்க்கா சின்னது போதும்னேன்.”

“எனக்காகவா?” அவள் குரல் உயரவில்லை. ஆனால் உதடு கோணியது. “எனக்கு முடியுமா முடியாதான்னு நீயே முடிவு பண்ணிட்ட. என்னை ஒரு வார்த்தை கேட்டியா? நான் ஒண்ணே ஒண்ணுதான்டி செய்யணும்னு நினைச்சேன். அதையும் அரைகுறையா ஆக்கிட்ட.”

அவள் சொன்னது சரி. கடையில் அவள் கையைப் பார்த்து இரக்கப்பட்டபோது, நான் அவளைவிடப் பெரியவளாகிவிட்ட மாதிரி ஒரு நிமிடம் தோன்றியிருந்தது. அந்த ஒரு நிமிடத்துக்காக அவளுடைய இத்தனை மாத உழைப்பும் வீணாகிவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அவளே கல்லில் உட்கார்ந்தாள். “இப்ப என்ன பண்ணலாம்?”

“தெரியலக்கா.”

“என்கிட்டயும் இப்ப ஒண்ணும் இல்ல. கம்பெனியில ஆர்டர் கம்மி. ஓவர்டைமே கிடையாது.”

குழாயில் தண்ணீர் நின்றுபோனது. பிழிந்த துணிகள் வாளியில் கிடந்தன. உள்ளே இருந்து அப்பா, “என்னா புள்ளைகளா, இன்னும் முடியலையா?” என்று கூப்பிட்டார். அக்கா எழுந்து பாவாடையை உதறினாள்.

“அப்பாகிட்ட சொல்லாத,” என்றாள். “அவருக்கு ஃபாக்டரிக் கவலையே போதும்.”

திருப்பூர் போன பிறகு மூன்று ஞாயிறு அவள் போன் செய்தபோதும் என்னைக் கூப்பிடச் சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிட்டாள். நாலாவது ஞாயிறு, “எவ்வளவு முடிஞ்சுது?” என்று மட்டும் கேட்டாள். பாதி என்றேன். “ம்,” என்றாள்.

மீதியில் முடிந்தவரை ஊட்டிக்குப் பக்கத்தில் லவ்டேலில் அடித்தேன். அங்கே பள்ளிக் குவார்ட்டர்ஸில் இருந்த என் வகுப்புத் தோழி, சனிக்கிழமைகளில் வந்து அவளுடைய லேப்டாப்பில் அடித்துக்கொள்ளச் சொன்னாள். நானாகக் கேட்கவில்லை, லேப் சார் சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கும் ப்ராஜெக்ட் இருந்தது. நான் போகிற நேரத்தில் அவள் புத்தகம் படிக்கிற மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். அவள் அம்மா டீயும் பிஸ்கட்டும் வைப்பார். நான் டீ ஆறும்வரை தொடமாட்டேன், நேரம் போய்விடும் என்று. ஒரு நாள் நூறு வரி அடிக்கலாம், பிழை இல்லாமல் வந்தால். பிழை வந்தால் அன்றைய பொழுது அதைத் தேடுவதிலேயே போய்விடும். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எழுந்து வருவேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். ஆய்வகத்தின் கணினியில் என் ப்ராஜெக்டைத் திறந்து காட்டினேன். பத்தில் ஏழு பக்கங்கள்தான் வேலை செய்தன. மூன்றில் தலைப்பு மட்டும் இருக்கும். அவர் ஏழையும் பார்த்தார். ஈரத்துக்குக் கழிக்கிற கணக்கைப் பார்த்துவிட்டு, “இது எப்படித் தெரியும்?” என்றார். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“நல்லது. எந்த எஸ்டேட்ல இதைப் பயன்படுத்தப் போறாங்க?”

எங்கள் ஃபாக்டரியில் ரோலரின் பெல்ட்டுகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. எஸ்டேட்டில் பாதித் தேயிலைக் காடு வெட்டிக் கவாத்து செய்யப்படாமல் கிடந்தது.

“எங்க எஸ்டேட்ல, சார்,” என்றேன்.

பாஸ் ஆனேன். மார்க் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பெரிய கம்பெனிகள் ஆள் எடுக்கக் கேட்ட சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. குன்னூரில் ஒரு மருத்துவமனை வரவேற்பில் நோயாளிகளின் பெயரும் வயதும் அடிக்கிற வேலை கிடைத்தது. இலவச லேப்டாப் எங்களுக்கு அடுத்து வந்தவர்களுக்குக் கிடைத்ததாக, ரத்தப் பரிசோதனைக்கு வந்த ஜூனியர் பெண் ஒருத்தி சொன்னாள். பெரிய திரையாம், டிவிடி டிரைவும் இருக்கிறதாம்.

அந்த வருடம் ஃபாக்டரி திறக்கவே இல்லை. அப்பாவுக்குக் கோயம்புத்தூர் பக்கம் ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. லைன் வீட்டை விட்டுவிடக்கூடாது என்பதற்காக, வாரத்துக்குக் கிடைக்கிற இரண்டு நாள் வேலையைப் பார்த்துக்கொண்டு அம்மா இங்கேயே இருந்தார். அப்பா கிளம்பிய காலையில் நான் அவரைப் பஸ் ஏற்றிவிடக் குன்னூர் வரைக்கும் போனேன். இதற்குப் பிறகு எப்போது தனியாகப் பேசக் கிடைக்குமோ, நெட்புக் விஷயத்தை இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அக்கா சொல்லாதே என்று சொன்னதுதான். இருந்தாலும் சொல்லாமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

பேருந்து நிலையத்தில் பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் கொத்தகிரிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரும் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டு மகன் வீட்டுக்குப் போகிறவர். அப்பாவும் அவரும் கொழுந்து விலை பற்றிப் பேசினார்கள். பேச்சு பிள்ளைகள் பக்கம் திரும்பியது.

“மூத்தது திருப்பூர்ல. இது சின்னது,” என்று அப்பா என் முதுகில் கை வைத்தார். “கம்ப்யூட்டர் டிகிரி முடிச்சிருச்சு. சொந்தமா லேப்டாப் இருக்கு. அக்காக்காரி வாங்கிக் குடுத்தா. அதுல ராவும் பகலும் அடிச்சுத்தான் பாஸ் பண்ணுச்சு. நானே பக்கத்துல உக்காந்து பார்த்தேன்ல?”

“நல்லதுங்க,” என்றார் அவர். என்னைப் பார்த்து, “அக்காவை மறந்துடாதம்மா,” என்றார்.

நான் தலையாட்டினேன். மேட்டுப்பாளையம் பஸ் வந்தது. அப்பா சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, வெளியே பார்த்து, நீ போ, வேலைக்கு நேரமாச்சு என்று கையை அசைத்தார். பஸ் திரும்பிச் சாலைக்குப் போகும்வரை நின்றேன். பிறகு மருத்துவமனைக்கு நடந்தேன்.